இறந்துபோன பாட்டியை அவராகவே நினைவில் வைத்திருப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: பாட்டி இறந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் அவர் குரல் நினைவில் மங்கிவிட்டது. கடைசி இரண்டு வருடம் மறதிநோயில் இருந்ததால், அவரை நினைத்தாலே படுக்கையில் கிடந்த முகமும், "என் மோதிரத்தை நீதான் எடுத்தாய்" என்று உங்களைப் பார்த்துச் சொன்னதும்தான் முந்திக்கொண்டு வருகின்றன. மூத்த பிள்ளையான அப்பா கண்டிப்பான ஒரு பாட்டியைச் சொல்கிறார். அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவரான அத்தை, தோழிபோலப் பழகிய ஒரு பாட்டியைச் சொல்கிறார். எழுதிவைக்க ஆசை, ஆனால் எந்தப் பாட்டியை எழுதுவது என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில், இவ்வளவு சீக்கிரம் மறக்கிறதென்றால் நான் வைத்திருந்த பாசம் அவ்வளவுதானா என்ற பயம் ஒன்று தெரிகிறது. நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் அதற்குத்தான் முதலில் பதில் சொல்லத் தோன்றுகிறது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நினைவு வேலை செய்யும் விதமே அப்படி.

நான் படித்தது உளவியல், அதிலும் குறிப்பாக நினைவாற்றல். பல வருடங்களாகச் செய்துவருவது, முதியவர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்வதும், ஒருவர் போன பிறகு அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தொகுப்பதும். நான் மருத்துவர் இல்லை, துக்கத்துக்கு சிகிச்சை தருகிறவரும் இல்லை. அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மோதிர விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றது எதுவும் நகராது. பொருளை யாரோ திருடிவிட்டார்கள் என்ற சந்தேகம், மறதிநோயின் பரவலான வகையான அல்சைமர் நோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறி. அலாய்ஸ் அல்சைமர் 1901இல் பிராங்க்ஃபர்ட்டில் பார்த்த நோயாளி 51 வயதுப் பெண். பின்னாளில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரே வந்ததற்குக் காரணமானவர் அவர்தான். அவரிடம் முதலில் தெரிந்த அறிகுறி கணவர்மேல் வந்த சந்தேகம். பிறகு பொருள்களை இங்குமங்கும் இழுத்துக்கொண்டுபோய் ஒளித்துவைத்தார் என்றும் 1907இல் வெளியான குறிப்பில் அல்சைமர் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். மோதிரத்தைப் பத்திரமாக ஓர் இடத்தில் வைக்கிறார். வைத்தது மனதில் பதிவதே இல்லை, ஏனென்றால் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்கிவிடுகிறது. அப்புறம் தேடினால் மோதிரம் இல்லை, தான் எடுத்த நினைவும் இல்லை. அப்படியென்றால் வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தது யார்? தினமும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். பழி உங்கள்மேல் விழுந்ததற்குக் காரணம் நீங்கள் அங்கே இருந்ததுதான். எப்போதாவது வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நோயில்தான் ஒருவரின் உண்மைக் குணம் வெளியே வரும் என்று உறவில் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்படும்போது தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் குறையும், குணமே மாறியதுபோல இருக்கும். இது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான விஷயம். ஆனால் அடக்கம் போனதும் வாயில் வருவதெல்லாம் ஆயுள் முழுக்க உள்ளே ஒளிந்திருந்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நம்பவும் வேண்டாம்.

சரி, கடைசி முகமே ஏன் முதலில் வருகிறது? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. உணர்ச்சி கலந்த காட்சிகள் ஆழமாகப் பதியும், அண்மையில் அடிக்கடி பார்த்தது எளிதாக மேலே வரும். இந்த இரண்டும் உறுதி, இரண்டு வருடம் தினமும் பார்த்த முகத்துக்கு இரண்டும் பொருந்தும். இதைத் தாண்டி, உச்சமும் முடிவும்தான் மனதில் தங்கும் என்று ஒரு கருத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது பிரபலமானது 1996இல் ரெடல்மையரும் கானமனும் நடத்திய ஆய்வால். மருத்துவப் பரிசோதனையின்போது வலி எவ்வளவு இருந்தது என்று நோயாளிகளிடம் கேட்டுச் செய்தது அது. ஒரு மனுஷியின் மொத்த வாழ்க்கையை நாம் நினைவுகூரும் விதத்துக்கு அதை அப்படியே இழுத்து நீட்டுவது சரியில்லை. நான் பேசிய குடும்பங்களில் பலர், நாளாக ஆகப் பழைய முகங்கள் மெல்லத் திரும்பி வந்ததாகச் சொல்வார்கள். இது நான் கேட்டது, ஆய்வு முடிவு இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அந்த முகத்தை நினைக்கவே கூடாது என்று மல்லுக்கட்டாதீர்கள். டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும் 1987இல் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். அடக்கியவர்களுக்குத் தடை நீங்கியதும், முதலிலிருந்தே நினைக்கலாம் என்று விடப்பட்டவர்களைவிடக் கரடி அதிகமாக வந்தது. நோய்க்காலத்துக்கும் உங்கள் குறிப்பேட்டில் சில பக்கம் கொடுத்துவிடுங்கள். அதற்கென்று ஓர் இடம் இருந்தால் மற்ற பக்கங்களுக்குள் அது நுழைவது குறையும் என்பது என் அபிப்பிராயம்.

குரலுக்கு வருவோம். ஒரு குரலை மனதுக்குள் தானாக வரவழைப்பது வேறு, காதில் விழுந்ததும் இன்னார் என்று கண்டுகொள்வது வேறு. முதலாவது பெரும்பாலோருக்கு எப்போதுமே பலவீனமானது. நேற்றுப் பேசிய ஒரு நண்பரின் குரலை இப்போது மனதில் ஓடவிட்டுப் பாருங்கள், அதுவும் புகைமூட்டமாகத்தான் வரும். அவர் உயிரோடு இருப்பதால் அது உங்களைப் பயமுறுத்துவதில்லை. கண்டுகொள்ளும் திறன் அப்படியில்லை, நெருங்கியவர்கள் விஷயத்தில் அது வருடக்கணக்கில் நிற்கும். பாட்டி "ம்" கொட்டிய ஒரு துண்டு ஒலிப்பதிவு கிடைத்தால்கூட உங்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆகவே அந்தத் துண்டைத் தேடுங்கள், இந்த வாரமே. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளை மட்டும் பார்த்தால் போதாது. மற்றவர்களை எடுத்த வீடியோக்களில்தான் அவர் குரல் அதிகம் இருக்கும். யாரோ ஒரு குழந்தை தத்தித் தத்தி நடப்பதை எடுத்திருப்பார்கள், பின்னாலிருந்து "விழப்போறான், பிடி, பிடி" என்று ஒரு குரல் கேட்கும். சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் எல்லோரிடமும் பழைய போன்களை விற்பதற்கோ மாற்றுவதற்கோ முன்னால் தேடித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கினால் வீடியோ சுருங்கித் தரம் குறையும், மூலக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். ஒலிப்பதிவு எதுவுமே கிடைக்காவிட்டால், அவர் பேச்சின் நடையை எழுதுங்கள். போனை எடுத்ததும் முதல் வார்த்தை என்ன, வைக்கும் முன் என்ன சொல்வார், கோபம் வந்தால் குரல் ஏறுமா இறங்குமா, பிடிக்காத விஷயத்தை "இல்லை" என்று சொல்வாரா அல்லது பேச்சை மாற்றுவாரா. இவை ஒலியைவிட நன்றாக நினைவில் இருக்கும். அப்புறம், எப்போதாவது அவர் கூப்பிட்டதுபோலக் கேட்டால் பயப்பட வேண்டாம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவர் கூடவே இருப்பதுபோல ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்ததாகச் சொன்னார்கள்.

இப்போது அப்பாவின் பாட்டியும் அத்தையின் பாட்டியும். இருவரில் யாரோ ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இருபத்திரண்டு வயதில் முதல் பிள்ளையை வளர்த்தவரும் முப்பத்து நான்கில் கடைசிப் பெண்ணை வளர்த்தவரும் ஒரே ஆள் மாதிரியா இருப்பார்கள்? (வயது என் ஊகம், உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.) அந்த இடைவெளியில் வீட்டு வருமானம் மாறியிருக்கும், மாமியார் மாமனார் நிலைமை மாறியிருக்கும், அவருக்கே பயம் தெளிந்திருக்கும். கண்டிப்பும் தோழமையும் இரண்டும் நடந்திருக்கலாம். எப்போது, ஏன் மாறினார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் அதற்குள் இருக்கலாம்.

ஆனால் ஒரே சம்பவத்தை இருவரும் வேறுவேறாகச் சொல்வது இன்னொரு விஷயம். அதற்குக் காரணம், நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசரும் நிகோல் ஹார்ஷும், அந்தச் செய்தி காதில் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டபோது, கால்வாசிப் பேர் எல்லா விவரத்தையும் தவறாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் துளியும் தடுமாறவில்லை. தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. ஆகவே அடித்துச் சொல்கிறார் என்பதற்காக அப்பாவை நம்பவும் வேண்டாம், தயங்கிச் சொல்கிறார் என்பதற்காக அத்தையைத் தள்ளவும் வேண்டாம். ஆண்டு, இடம், எந்த வேலையில் இருந்தார் என்பதையெல்லாம் கடிதம், சான்றிதழ், ரசீது என்று கைக்குக் கிடைக்கும் காகிதத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். மற்றதை "அப்பா சொன்னது", "அத்தை சொன்னது" என்று பெயர் போட்டு இரண்டாகவே எழுதிவிடுங்கள். ஒன்றாக்க முயன்றால், நடுவில் யாருக்குமே தெரியாத மூன்றாவது பாட்டி ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இதோடு சேர்ந்த ஒரு வேலை நுணுக்கம் உண்டு. எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து "பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். மனதுக்கு அது நல்லது, செய்யலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கூடி நினைவுகூர்ந்தால் வருவது, அதே நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்தால் வருவதைவிடக் குறைவு என்று 1990களிலிருந்து பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் சொல்லும் வரிசை மற்றவரின் வரிசையைக் கலைத்துவிடுகிறது. நடைமுறையில் இன்னொன்றும் நடக்கும்: நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், அரை மணி நேரத்தில் அவர் பாட்டிதான் எல்லோருடைய பாட்டியும் ஆகிவிடுவார். முதலில் நீங்கள், யாரிடமும் பேசாமல், உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போங்கள்.

போனால் என்ன கேட்பது? "அவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பாசமானவர், பொறுமைசாலி, யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று வரும். எல்லா வீட்டிலும் இதே மூன்றும்தான் வரும். ஒரு பேத்தி என்னிடம் "எங்கள் பாட்டி ரொம்பப் பொறுமைசாலி" என்றார். எதில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நூல் சிக்கிக்கொண்டால் வெட்டவே மாட்டார்" என்றார். ஊசியின் பின்பக்கத்தால் முடிச்சை லேசாக நெம்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, ஒரு மணி நேரமானாலும் உட்கார்ந்து பிரிப்பாராம். பக்கத்தில் யாராவது கத்தரிக்கோலை நீட்டினால் கையைத் தட்டிவிடுவாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் தானாகவே அடுத்ததற்குப் போனார்: "ஆனால் மனிதர்கள் தாமதமாக வந்தால் அவருக்குப் பொறுமையே கிடையாது. கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார், யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் நிற்பார்." பொறுமைசாலி என்ற சொல்லில் இல்லாத பாட்டி இங்கே இருக்கிறார். நூலிடம் இருந்த பொறுமை ஆட்களிடம் இல்லாதவர்.

இப்படியான விவரங்களை வரவழைக்க, சாட்சிகளை விசாரிப்பதற்காக ஃபிஷரும் கைசல்மனும் 1980களில் உருவாக்கிய முறையிலிருந்து நாங்கள் கடன் வாங்குகிறோம். முதலில் இடத்தை விவரிக்கச் சொல்வோம்: அவர் வழக்கமாக உட்காரும் இடம் எது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும், கை எட்டும் தூரத்தில் என்னென்ன வைத்திருப்பார். முக்கியமில்லை என்று தோன்றுவதையும் சொல்லச் சொல்வோம். பிறகு ஒரு நாளைப் பின்னாலிருந்து முன்னால், விளக்கணைப்பதிலிருந்து காலை எழுவதுவரை சொல்லச் சொல்வோம். முடிந்தால் அந்த அறையிலேயே உட்கார்ந்து பேசுங்கள். பார்த்த இடத்துக்கே திரும்பப் போனால் நினைவு எளிதாக வருவது சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. அவர் பயன்படுத்திய பொருளைக் கையில் கொடுத்தால் வாயைவிடக் கை முதலில் பேச ஆரம்பிக்கும், செய்துகாட்டுவார்கள். வாசனை உணர்ச்சியைத் தூண்டும் என்பது உண்மை, ஆனால் வாசனையால் வந்த நினைவு கூடுதல் துல்லியமானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புகைப்படங்களில் ஜாக்கிரதை. 2002இல் வெளியான ஒரு ஆய்வில் 20 பேருக்கு, சிறுவயதில் அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல ஒட்டுவேலை செய்த படத்தைக் காட்டினார்கள். மூன்று சந்திப்புகளுக்குள் பாதிப் பேர், நடக்கவே நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ அரைகுறையாகவோ நினைவுகூர ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் படங்கள் போலியில்லை. ஆனால் படத்தில் இருக்கும் பாட்டி விசேஷத்துக்கு உடுத்தி நின்றவர். படத்தை முதலில் காட்டினால் எல்லோரும் அந்தப் படத்தையே விவரிப்பார்கள். பேச்சு முடிந்த பிறகு ஆல்பத்தைத் திறங்கள்.

அவரே உங்களுக்குச் சொன்ன கதைகள் பற்றி ஒரு வார்த்தை. முதியவர்கள் தங்கள் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை அளவுக்கு மீறி அதிகமாக வரும். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். ஏன் என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை. முதன்முறையாக நடப்பவை அந்த வயதில் அதிகம் என்கிறார்கள் சிலர், தான் யார் என்பது உருவாகும் வயது என்கிறார்கள் சிலர். உங்களுக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. பாட்டி சொல்லி உங்களுக்குத் தெரிந்தது அவர் இளமை, கண்ணால் பார்த்துத் தெரிந்தது அவர் முதுமை. முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் அநேகமாக ஒரு பத்திகூடத் தேறாது. ஆனால் அவர் மிக அதிகமாக உழைத்ததும், பெரிய முடிவுகள் எடுத்ததும், யாருக்கும் தெரியாமல் விட்டுக்கொடுத்ததும் அந்த இருபது வருடத்தில்தான் இருக்கும். அதற்குச் சாட்சிகள் உங்கள் அப்பாவும் அத்தையும், அக்கம்பக்கத்தில் அவர் வயதில் மிச்சமிருப்பவர்களும், கூட வேலை பார்த்தவர்கள் இருந்தால் அவர்களும். முதலில் போக வேண்டியது வயதில் மூத்தவரிடம். கேட்கவே கூச்சமாக இருக்கும், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

குறைகளையும் எழுதுங்கள் என்று சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. செத்தவரைப் பற்றிக் குறை சொல்வதா என்பார்கள். ஆனால் பாட்டி யாரோடு பல வருடம் பேசாமல் இருந்தார், எந்தப் பேரனிடம் கொஞ்சம் கூடுதல் பாரபட்சம் காட்டினார், எதை ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்பதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆள் இல்லை, இரங்கல் செய்தி. நீங்கள் அவரைத் தெய்வமாக்கிவிட்டால், அவரிடம் அடி வாங்கிய உங்கள் அப்பாவுக்கு அந்தக் குறிப்பேட்டில் இடமே இல்லாமல் போய்விடும். அவரும் அம்மாவை இழந்திருக்கிறார்.

நாற்பது வருடம் முன்பு நடந்த ஏதோ ஒன்றை அத்தை சொல்லிவிட்டு "இதை எழுதிவிடாதே" என்றால் எழுதாதீர்கள். உயிரோடு இருப்பவர்களைப் பாதிக்கும் விஷயமென்றால் அவர்களைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். பாட்டியே உங்களிடம் ரகசியமாகச் சொன்னது வேறு வகை. அதைத் தனித் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள், யார் எப்போது பிரிக்கலாம் என்று உறைமேல் எழுதுங்கள். கிழித்துப்போடுவது பிறகும் முடியும், கிழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நான்கு மாதத்தில் இவ்வளவு வலிப்பது இயல்புக்கு மீறியது இல்லை. ஆனால் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் நிலைக்கு வராமல் மாதங்கள் ஓடினாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, குறிப்பேடு அதற்கு மருந்து ஆகாது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது விஷயம் என்றால் மாதக்கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில், ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் வாழ்க்கையையே முடக்கிப்போடும் துக்கத்துக்குத் தனி இடம் இருக்கிறது. அதற்கு உதவியும் கிடைக்கிறது.

முதல் வரைவு முடிந்ததும் அப்பாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் படித்துக் காட்டுங்கள். "சேச்சே, அப்படியா நடந்தது? நான் சொல்கிறேன் கேள்" என்று ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நல்ல பகுதி அப்போதுதான் வரும்.